அரை நிமிஷம் மிச்சம்

என் வண்டியில் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம். தொழிற்சாலைக்குச் சாமான்கள் வந்து இறங்கும் பேலட்டிலிருந்து அறுத்தெடுத்த பைன் மரம். நீளமும் அகலமும் ஏதோ கைக்கு வந்தபடி இருந்தாலும் உயரம் மட்டும் எந்த மூலையில் அளந்தாலும் ஏழு அங்குலம், மயிரிழை பிசகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த உயரம் அது. ஒரு பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் "அடி தட்டவில்லை. ஓகே" என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் கடைசிச் சுழி மேலே போய் வளைந்து தன் தலையிலேயே வந்து உட்காரும். அதே சுழி ஒரு காகிதத்திலும் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் இருப்பது முழுப் பொய்.

போன வாரம் அந்தக் கையெழுத்துக்காரருடைய மகள் வந்து இந்தக் கட்டையைக் கேட்டாள். அப்பா போய் முப்பது நாள் ஆகப்போகிறது, படத்துக்குப் பக்கத்தில் அவர் கையால் செய்த பொருள் ஏதாவது வைக்க வேண்டும் என்று ஆசையாம். கூடவே அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தர முடியுமா என்றும் கேட்டாள். நான் எழுதுகிறேன். நல்ல வார்த்தையாக வருமா என்பது வேறு விஷயம். அவர் என்று மரியாதையாக எழுதுவதுகூடப் பழக்க தோஷம்தான், மனதுக்குள் நான் அவரை அப்படிச் சொல்வதில்லை.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஐந்து வருஷம் நான் கான்ட்ராக்ட் ஆள். கார்க் கதவின் கீல், சீட்டின் தாங்கி என்று தகட்டை அச்சில் வைத்து அடித்தெடுக்கும் வேலை. அவர் எங்கள் ஷிப்டின் சூப்பர்வைசர். ஷிப்ட் சார் என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் கயிற்றிலேயே ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்கும். அந்த மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை அரை நிமிஷம். எங்கே பார்த்தாலும் அவருக்கு அரை நிமிஷம் கிடைக்கும். கையுறையை இங்கே கழற்றாமல் அங்கே போய்க் கழற்றினால் அரை நிமிஷம், தண்ணீர் பாட்டிலை லைனிலேயே வைத்துக்கொண்டால் அரை நிமிஷம். இப்படிப் பொறுக்கிச் சேர்த்த அரை நிமிஷங்களைக் கொண்டுபோய் மேலே இருப்பவர்களிடம் காட்டி, சுவரில் தன் போட்டோவை மாட்டவைத்துக்கொண்டார். நாங்கள் அந்த போட்டோவைக் கடந்துதான் கேன்டீனுக்குப் போவோம்.

அச்சை மாற்றும்போது அதை ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவருவோம். வண்டியின் மேல்தட்டில் உருளைகள், அதன்மேல் அச்சு. இரண்டு பேர் தள்ளினாலும் கனம் தெரியாமல் நகரும், அதனாலேயே ஆபத்து. அச்சு சறுக்கி விழாமலிருக்க ஓரத்தில் விரல் தடிமனில் ஓர் இரும்பு முள் உண்டு, பின் என்போம். அதைச் சொருகித்தான் வண்டியை நகர்த்த வேண்டும், பிரஸ்ஸோடு சேர்த்து நிறுத்திய பிறகுதான் உருவ வேண்டும். ஷிப்ட் சார் ஒருநாள் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்ன எடுத்து பாக்கெட்ல போட்டுக்கம்மா. பத்தடி தூரத்துக்கு எதுக்கு சொருகிக்கினு உருவிக்கினு? அரை நிமிஷம் மிச்சம்." அன்றிலிருந்து என் ஏப்ரன் பாக்கெட்டில்தான் பின். எல்லாருடைய பாக்கெட்டிலும்தான். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதுவே முறை என்றாகிவிட்டது.

நாலாவது மாதம், காலை ஷிப்டில், டீக்கு மணி அடிக்கும் முன்பு, தரையில் கிடந்த ஒரு தகட்டுத் துண்டில் சக்கரம் ஏறி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அச்சு சத்தமே இல்லாமல் உருண்டு வந்தது. அது என் இடது காலின்மேல் விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் விபத்து அறிக்கை எழுதினார். "தொழிலாளி தன்னிச்சையாகப் பின்னை அகற்றியுள்ளார். பின் அவரது ஏப்ரன் பாக்கெட்டில் இருந்து எடுக்கப்பட்டது. கவனக்குறைவு." கீழே அந்தச் சுழி. பின் என் பாக்கெட்டில் இருந்தது என்னவோ நிஜம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவரவர் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். பங்குக் கோயிலில் எனக்காகப் பூசை வைத்தபோதுகூட "கவனக்குறைவால் காலை இழந்த நம் சகோதரி" என்றே வாசித்தார்கள். என் அம்மாவே, "நீ சின்ன வயசுலேந்தே பராக்கு பாத்துக்கினே நடப்ப" என்றாள். கால் போனதைவிட கவனக்குறைவு என்ற அந்த ஒரு வார்த்தை போட்ட சூடுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பின்னை எடுக்கச் சொன்னது யார் என்று ஷிப்ட் சார் தன் கையால் ஒரு வரி எழுதித் தர வேண்டும். அதற்குமேல் அவரிடம் நான் கேட்டதே இல்லை.

எங்கள் ஊர் வல்லம் வடகாலை ஒட்டியது. அப்பா இருந்தவரை ஒரு பழைய பிக்கப் வைத்து நெல்லும் காய்கறியும் ஏற்றினார். உருண்டை விளக்கும் நீண்ட மூக்குமாக, இப்போது சாலையில் பார்த்தால் ஆட்கள் போனில் படம் எடுக்கிற மாதிரி வண்டி. அவர் போனபின் பூவரச மரத்தடியில் நின்றது. அம்மா அதை எடைக்குப் போட நினைத்தாள். எனக்கோ அந்த வண்டி வேண்டும். சுற்றுவட்ட ஊர்களில் வீட்டிலிருந்து கையுறையும் ஏப்ரனும் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். துணியைக் கொடுத்து, தைத்ததை வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோக ஓர் ஆளும் வண்டியும் வேண்டும். வலது கால் நன்றாக இருந்தது, கிளட்சைக் கையால் பிடிக்க ஒரு லீவர் வைத்துக்கொள்ளலாம். தகராறு ஏறுவதில்தான். சீட்டு என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. பெரியப்பா மகன் என்னை அரிசி மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே வைத்தான். நல்லவன், ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. ஆனால் அவன் கை என் அக்குளில் பட்ட அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சக்கர நாற்காலியிலிருந்து நானே நகர்ந்து உட்காரும் உயரத்துக்கு அந்தச் சீட்டு இறங்கியாக வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் நாலு பட்டறை ஏறி இறங்கினேன். ஏறி இறங்கினேன் என்பது பேச்சுக்குத்தான், வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்தே கேட்டேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான். ஒரு பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "இன்னாக்கா, பசங்க ஸ்டைலுக்கு எறக்குவானுங்களே அப்படியா? எறக்கித் தரேன். ஆனா ஒங்க ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். தட்டக் கூடாதுன்னா எறக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். எங்கள் ஊர்த் திருப்பத்து வேகத்தடை அப்படிப்பட்டது. கன்டெய்னர் லாரி ஒன்று மாட்டை அடித்தபின் ஊர்க்காரர்களே கோபத்தோடு கொட்டிய சிமென்ட். அளவெல்லாம் பார்க்கவில்லை, கோபம் அடங்கும்வரை கொட்டினார்கள்.

இது எப்படி ஷிப்ட் சார் காதுக்குப் போனதோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், பூவரச மரத்தடியில் அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அம்மா அவருக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். "வூடு தேடி வந்துகீறாரு, மூஞ்ச காட்டாதடி" என்றாள். நான் நாற்காலியை அவர் தலைப்பக்கம் உருட்டிப் போனேன். "எழுதிக் குடுங்க, போதும். வண்டிய தொடாதீங்க" என்றேன். அவர் வெளியே வரவில்லை. அடியிலிருந்தே பேசினார். "எல்லாத்தையும் எறக்கத் தேவையில்லம்மா. நீ உக்கார்ற எடம் எறங்கணும். தரையில தட்டுற சாமான் எதெதுவோ அத மேல ஏத்தணும். ரெண்டும் ஒண்ணா செய்யலாம்." நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனால் நாலு பட்டறையில் ஒருவனுக்கும் தோன்றாத பதில். ஏன் அவரை விரட்டவில்லை என்று கேட்டால் இரண்டு காரணம் உண்டு. எனக்கு வண்டி வேண்டும். இன்னொன்று, அந்த ஆள் என் காலடியில் மண்ணில் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கப் பிடித்திருந்தது. என் அந்தக் குரூரத்தை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

பதினோரு ஞாயிறு வந்தார். வேலையைக் குறை சொல்ல முடியாது, அதுவும் எரிச்சல். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகள் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருந்தன. அவற்றைக் கழற்றி ஆக்சிலுக்குக் கீழே கொண்டுபோய்ப் பூட்டினார். உடம்பு அப்படியே ஐந்து அங்குலம் இறங்கியது. ஆனால் ஆக்சில் சக்கரத்தோடு நிற்பது, அது இருந்த உயரத்திலேயே இருந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் இறங்கி ஆக்சிலில் இடிக்கும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் அரைவட்டமாக வெட்டியெடுத்து, சுற்றிலும் கனத்த தகடு வைத்து வெல்டிங் அடித்தார். தொங்கிக்கொண்டிருந்த சைலன்சரைச் சேசிஸின் ஓரமாக மேலே தூக்கிக் கட்டினார். டீசல் டேங்கையும் ஏற்றினார். போல்ட்டுகளின் கீழே நீட்டிய வால்களைக்கூட அறுத்துத் தேய்த்தார். முன்பக்கம் ஸ்டீயரிங் கம்பிகள் இருப்பதால் அந்த வித்தை பலிக்காது என்று, பட்டைகளைக் கழற்றிக்கொண்டுபோய் வளைவைக் குறைத்துவந்தார். மிச்சத்துக்குச் சீட்டின் காலை வெட்டினார். இடையில் ஊர்த் திருப்பத்துக்குப் போய், வேகத்தடையின் குறுக்கே கயிறு பிடித்து அளந்து, அதைவிட ஒரு விரல் அதிகமாக இந்தக் கட்டையை அறுத்துவந்தார். வண்டிக்கு அடியில் எந்த இடத்திலும் கட்டை தட்டாமல் போய்வர வேண்டும், அதுதான் அவர் வைத்த பரீட்சை. ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது நான் அதையே கேட்பேன், "எழுதுறீங்களா?" என்று. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் சைலன்சர் முடிச்சிடலாம்மா" என்பார்.

ஒன்பதாவது ஞாயிறு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அன்று ஸ்பிரிங்கின் உயரம் சரிபார்க்க வண்டியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். ஜாக்கியில் தூக்கிய பிறகு பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்து, அதன் உள்குழாயை உயர்த்தி, துளையில் ஒரு பின் சொருகினால்தான் அது வண்டியைத் தாங்கும். நாலைந்து முறை ஒழுங்காகச் சொருகினார். ஆறாவது முறை அவர் அடியில் போய்ப் படுத்தபின் நான் தற்செயலாகப் பார்த்தேன். ஸ்டாண்டின் துளை வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. பின் இல்லை. வண்டியின் முழுப் பாரமும் ஜாக்கி ஒன்றில் நின்றது, அதன் அடியில் அவர் நெஞ்சு.

நான் உடனே சொல்லவில்லை. அதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அம்மா உள்ளே இருந்தாள், தெருவில் ஆள் இல்லை. அவர் ஏதோ ஒரு நட்டை முறுக்க, ஒவ்வொரு முறுக்குக்கும் வண்டி லேசாக அசைந்தது. நான் வாயை மூடிக்கொண்டு அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கவில்லை. அரை நிமிஷம் இருக்கும். பிறகு, "வெளிய வாங்க. பின் போடல" என்றேன்.

அவர் வந்த வேகத்தில் முழங்கை உராய்ந்து ரத்தம் வந்தது. எழுந்து நின்று ஸ்டாண்டைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. பின் அங்கேதான் இருந்தது. அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கேட்டேன், "யாரு எடுத்து பாக்கெட்ல போடச் சொன்னா சார்?" விபத்துக்குப் பிறகு அவரை நான் சார் என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். "இப்பவாவது எழுதுங்க" என்றேன். அவர் பின்னைச் சொருகினார். இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த வெறியில் ஜாக்கியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது, உதைக்கக் காலும் ஒன்றுதான் மிச்சம்.

பதினோராவது ஞாயிறு மாலை நான் நாற்காலியிலிருந்து யார் கையும் படாமல் நகர்ந்து சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் மூட்டைகளும் நாலு ஆட்களும் ஏற்றி, அந்த வேகத்தடையைத் தாண்டினேன். அடியில் சத்தமே இல்லை. அவர் தரையில் மண்டியிட்டு, கட்டையை வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை தள்ளிப் பார்த்தார், பாரத்தோடு. பிறகு மார்க்கரை எடுத்து அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு என் மடியில் வைத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நம்பித் தொலைத்தேன். படித்தால், அடி தட்டவில்லையாம். ஓகேயாம். "இதுக்கு மட்டும் கையெழுத்து வருது" என்றேன். ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பின் ஆறு வருஷம் அவர் இருந்தார். பஸ்ஸில் போகும்போது என் வண்டியைப் பார்த்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். போன மாதம் நெஞ்சுவலியில் போனார். சாவுக்கு நான் போகவில்லை.

அவர் மகள் போன வாரம் வந்தபோது இதையெல்லாம் அவளிடம் சொல்லும் எண்ணம் இல்லை. சின்னப் பெண், கண் வீங்கியிருந்தது. ஆனால் அவள் நாலு நல்ல வார்த்தை என்றதும் வாயை அடக்க முடியவில்லை. "ஒங்கப்பா எனக்கு ஒரு வரி பாக்கி வெச்சிட்டுப் போயிட்டாரு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்க்கா. பின்ன எடுக்கச் சொன்னது அவருதான்னு வூட்ல சொல்லுவாரு" என்றாள். வீட்டில் சொல்லியிருக்கிறார். சோறு தின்னும்போது பெண்டாட்டி பிள்ளையிடம் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருக்கிறார். அவள் நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்லுவாருக்கா. வண்டிக்கி அடியில படுத்துக்கினு இருந்தப்ப நீங்க ஸ்டாண்டயே பாத்துக்கினு இருந்தீங்களாம். கீழேந்து ஒங்க மூஞ்சி தெரிஞ்சுதாம். இன்னா பாக்குறீங்கன்னு அப்ப புரியலையாம். நீங்க சொன்னப்புறம்தான் புரிஞ்சுதாம். கொஞ்ச நேரம் கழிச்சுதான் நீங்க சொன்னீங்களாம், அதோட ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சுன்னுவாரு."

சரியாப் போச்சாம். என் கால் எங்கே, அவருடைய முழங்கைச் சிராய்ப்பு எங்கே. நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "நான் அரை நிமிஷம் கழிச்சாவது சொன்னேன்மா. ஒங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லல." சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்துக் கொடுத்தேன். மார்க்கரையும் கொடுத்தேன். இந்தப் பக்கம் அவர் எழுதியிருக்கிறார், அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, அப்பா வீட்டில் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டால் கட்டையை எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். அவள் மூடியைத் திறந்தாள். மரத்தில் முனையை வைத்தாள், ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. பிறகு கை நின்றுவிட்டது. "அப்பா வேலைய எனக்குத் தரேன்னு கம்பெனில சொல்லியிருக்காங்கக்கா. ஒண்ணாம் தேதி சேரணும்" என்றாள். மார்க்கரின் மூடியைப் போட்டு, கட்டையோடு சேர்த்துச் சீட்டில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாக்கியையும் சேர்த்து அவரைத்தான் திட்டினேன்.

ஆக நாலு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை, இந்த ஒரு வரிதான் இருக்கிறது. பின்னை எடுத்துப் பாக்கெட்டில் போடச் சொன்னது அவர். அவர் எழுதாததை நான் எழுதிவிட்டேன். கட்டை மறுபடி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஒரு பக்கம் கையெழுத்து, மறுபக்கம் ஒரு புள்ளி. மாதம் ஒருமுறை பாரம் ஏற்றியபின் அதை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்ப்பேன், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று. இன்று காலையும் பார்த்தேன். ஆறு வருஷம் ஆகியும் எங்கும் தட்டாமல் முன்னிருந்து பின்வரை போனது. சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து, கிளட்சைக் கையால் பிடித்து, ஊர்த் திருப்பத்துக்கு வந்தேன். அந்த வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் அவரை வாய்விட்டுத் திட்டுவது என் வழக்கம். இன்றும் திட்டினேன். வண்டி ஏறி, தட்டாமல் இறங்கியது.